ஒரு நாள் துரையும் ஏழு பேர் ஸ்ட்ரைக்கும்

அந்த ஞாயிற்றுக்கிழமை தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்காவின் பிள்ளைகள் நான்கு பேர். அண்ணனின் பிள்ளைகள் மூன்று பேர். அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி ஒன்று. அப்புறம் நான்.

இல்லாதவர்கள் அம்மா, அக்கா, அண்ணி. மூவரும் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, ஹட்டனுக்குப் படம் பார்க்கப் புறப்பட்டுப் போயிருந்தார்கள். அப்பாவும் அண்ணனும் மலையில் தண்ணீர்க் கான் வெட்டும் கொந்தரப்பில், அதாவது ஒப்பந்த வேலையில், இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவும் பூட்டு. அக்காவின் கணவர், என் அத்தான், நானுஓயாப் பக்கம் தன் தோட்டத்தில் இருந்தார். அவர் அங்கே இருந்ததுதான் அன்று எங்கள் எல்லோருக்கும் ஆறுதல்.

சென்ற வாரம் எங்கள் லயத்துக் குழாயடியைப் பற்றி எழுதியிருந்தேன். அக்கா வந்திருந்தபோது அதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தண்ணிக் கொழாயப் பத்தியெல்லாம் எழுதுற. நாங்க படம் பாத்த கதைய எழுத மாட்டியா?" என்றாள்.

அவள் படம் பார்த்த கதையை எழுதினால், நான் துரையாக இருந்த கதையையும் எழுதியாக வேண்டும். சரி, எழுதுகிறேன்.

முடியில்லாமல் திரும்பிய பிள்ளை

அக்கா எங்கள் வீட்டுக்குச் சித்திரைக்கு வந்து அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் சர்க்கரைப் பாகு.

மூன்று வருடத்துக்கு முந்திய சித்திரையில் அண்ணி பலகாரத்துக்குப் பாகு காய்ச்சி ஆற வைத்திருந்தார். அக்காவின் மூத்தவள் செல்லம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. அண்ணனின் மகன் முருகேசுக்கு ஆறு. வீட்டில் நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முருகேசு செல்லம்மாவை உட்கார வைத்து, அந்தப் பாகைக் கொண்டு அவளுக்குத் தலை சீவிவிட்டான். நன்றாகத்தான் சீவியிருந்தான். நடு வகிடுகூட எடுத்திருந்தான். அது இறுகிய பிறகு யாராலும் அசைக்க முடியவில்லை. கடைசியில் மொட்டையடிக்க வேண்டியதாயிற்று.

அத்தான் கூட்டிப்போக வந்தார். பிள்ளையைப் பார்த்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "புள்ளைய முழுசாத்தான் அனுப்புனேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு மூன்று வருடம் அக்காவை அனுப்பவில்லை.

அத்தான் கெட்டவர் இல்லை. தன் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். தோட்டத்தை ஆளும் துரையின் பங்களாவுக்கே போய், நின்றபடி பேசி, கேட்டதை வாங்கிக்கொண்டு வருகிறவர். அப்படிப்பட்டவர் அந்த வருடம் அக்காவை அனுப்பும்போது ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"புள்ளைங்களால ஒரு வம்பு வந்துச்சு, இல்ல புள்ளைங்களுக்கு ஒன்னு ஆச்சு, அதோட சரி. அப்பறம் அம்மா வீடுன்னு பேச்சே எடுக்கக் கூடாது."

அக்கா இதைச் சொன்னபோது எல்லோரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். நான்தான், படித்தவன் என்ற தைரியத்தில், "நான் இருக்கேன்ல?" என்றேன்.

எனக்கு ஏன் அந்தத் தைரியம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவன் நான் ஒருவன். அண்ணன் போகவேயில்லை. அக்கா இரண்டாம் வகுப்பு வரை போனாள். அவள் பெயர் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஏறிய மாதத்தில்தான் எனக்குச் சிலேட்டு வந்தது. பிறகு ஹட்டனில் படிக்கப் போனபோது என் பஸ் காசும் கொப்பிக் காசும் அவள் கூடையிலிருந்து வந்தவை. அவளுக்குக் கல்யாணம் ஆகும்போது நான் ஐந்தாம் வகுப்பு. "இனி ஒங்க செலவு, நீங்களே பாத்துக்குங்க" என்று அண்ணனிடம் என்னை ஒப்படைத்துவிட்டுப் போனாள், ஏதோ மாட்டைக் கைமாற்றுவது போல.

அந்த வருடம் நான் பரீட்சை எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருந்தேன். வேலை இல்லை. ஆனால் எதையும் முறையாகச் செய்தால் சரியாக வரும் என்ற நம்பிக்கை நிறைய இருந்தது.

அக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு. என்னய யாரும் 'அம்மா'ன்னு கூப்புடாம, ஒரு எடத்துல ஒக்காந்து ஒரு படம் பாக்கணும்டா."

அது கொழுந்து மிகுந்த காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கைக்காசு உண்டு. அதாவது யார் வேண்டுமானாலும் கொழுந்து பறிக்கலாம், ராத்தலுக்கு இவ்வளவு என்று அன்றே கையில் காசு. அக்கா வந்த மறுநாளே கூடையை மாட்டிக்கொண்டு அம்மாவோடும் அண்ணியோடும் ஏறிவிட்டாள். இரண்டு ஞாயிறு பறித்தார்கள். மூன்று பேருக்கு பஸ், மலிவான கலரி டிக்கட், இடைவேளையில் ஒரு சோடா. காசு சேர்ந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்க்க ஆள்தான் வேண்டியிருந்தது.

பெரட்டு

தோட்டத்தில் ஆயிரம் பேரை ஒருவர் எப்படி மேய்க்கிறார்? காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுக்கிறார்கள். ஆயிரம் பேருக்குச் சரியாக வருவது ஏழு பேருக்கு வராதா? இதுதான் என் திட்டம்.

பஸ் வளைவில் மறைந்ததும் அண்ணனின் மழைத்தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கொப்பியில் ஏழு பெயரும் எழுதினேன். நான் நான்கு பேருக்கு மாமா, மூன்று பேருக்குச் சித்தப்பா. அன்று ஏழு பேருக்கும் துரை.

ஒன்பது வயது முருகேசைக் கங்காணி ஆக்கினேன். அது முதல் தவறு. இரண்டு நிமிடத்தில் அவன் ஒரு குச்சி தேடிக்கொண்டான். மூன்று வயதுப் பாப்பாவைத் தவிர மற்ற எல்லோரும் இடுப்பில் துண்டையும் சாக்கையும், கொழுந்து பறிப்பவர்கள் கட்டும் படங்கு மாதிரிக் கட்டிக்கொண்டார்கள். பாப்பா தன் கூடையாக அம்மாவின் அரிசிப் பெட்டியை முதுகில் மாட்டிவிடச் சொல்லி, மாட்டியதும் மல்லாக்க விழுந்து, அப்படியே கிடந்தபடி, "நானும் பேரு! நானும் பேரு!" என்று கத்தியது.

ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். வேலை குறைந்தால் அரைப்பேர். அது தோட்டத்துக் கணக்கு. பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பாலோடு குடித்த கணக்கு அது.

பத்து மணி வரை உலகத்தில் இவ்வளவு ஒழுங்கான ஏழு பிள்ளைகளை யாரும் பார்த்திருக்க முடியாது. வாசல் கூட்டினார்கள். விறகு அடுக்கினார்கள். தண்ணீர் கொண்டுவந்து வாழைக்கு ஊற்றினார்கள். நான் கதவோரம் உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தேன். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே ஸ்டோரிலிருந்து தேயிலை வாடுகிற மணம் மெல்ல வந்தது. இந்த முறையை எழுதி எங்காவது அனுப்ப வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

பத்தரைக்கு அண்ணனின் நடுப் பையன் கங்காணியைக் கடித்துவிட்டான்.

நான் கொப்பியைத் திறந்து, கடித்தவனுக்கு அரைப்பேர் என்று எழுதினேன்.

சிவப்புத் துண்டு

செல்லம்மா கையிலிருந்த விளக்குமாற்றைக் கீழே போட்டாள். எட்டு வயது. மொட்டையடித்த முடி வளர்ந்து இரண்டு சடையாகியிருந்தது. முகம் அப்படியே அத்தான்.

"என்னாங்க தொர, கங்காணி குச்சியால குத்துனாரு. அதுக்குத்தான் கடிச்சான். விசாரிக்காம அரப்பேரு போட்டா எப்புடிங்க?"

"வேலைக்குப் போ செல்லம்மா."

"போக முடியாதுங்க. ஸ்ட்ரைக்கு."

அவ்வளவுதான். கங்காணி முருகேசு உட்பட அத்தனை பேரும் வாசல் நடுவில் உட்கார்ந்துவிட்டார்கள். அடுப்பங்கரையில் தொங்கிய சிவப்புத் துண்டு விறகுக் கட்டையில் ஏறியது. முருகேசிடம், "நீ கங்காணிடா, நீ எப்புடி ஸ்ட்ரைக்கு பண்ணுவ?" என்று கேட்டேன்.

"எனக்கும் பசிக்குது சித்தப்பா" என்றான்.

லயத்தில் பக்கத்துக் காம்பரா மாரியாயி அக்கா தலையை நீட்டினாள். "என்னா தம்பி, படிச்ச தொரைக்கே இந்தக் கதியா? போலீசக் கூப்புடவா?"

சோற்றைக் காட்டிப் பார்த்தேன். அவர்கள் உண்ணாவிரதம் இல்லையாம், ஸ்ட்ரைக்குத்தானாம். அதனால் வந்து சாப்பிட்டுவிட்டு, கை கழுவி, திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பாப்பா மட்டும் இரண்டு தடவை சாப்பிட்டது.

பிறகு பேச்சுவார்த்தை. ஐந்து கோரிக்கைகள். கங்காணி வேலை முறை போட்டு எல்லோருக்கும் வர வேண்டும், குச்சி கூடாது. விசாரிக்காமல் அரைப்பேர் போடக் கூடாது. பாப்பாவுக்கும் முழுப் பேர். ஆளுக்கு ஒரு பணிஸ், அதாவது கடைப் பன். ஐந்தாவது கோரிக்கையைச் செல்லம்மா கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்: வேலை நேரத்தில் துரை புத்தகம் படிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் கொப்பித் தாளில் எழுதச் சொன்னாள். எழுதினேன். "வாய்ப்பேச்சுல விட்டா ஏமாத்திப்புடுவாங்கன்னு அப்பா சொல்லுவாரு" என்றாள். சட்டிக் கரியைத் தொட்டு ஏழு பேரும் கைநாட்டு வைத்தார்கள். செல்லம்மா மூன்றாம் வகுப்பு, நன்றாகவே எழுதுவாள். ஆனாலும் மற்றவர்கள் வைத்ததால் அவளும் கைநாட்டே வைத்தாள்.

எங்க ஒசரம்

ஒப்பந்தம் ஆன பிறகு பிள்ளைகளுக்கு வேலை செய்யும் வெறி பிடித்துவிட்டது. "கொழுந்துக்குப் போறோம் தொர!" என்றார்கள். லயத்துக்குப் பின்னால் காட்டுச் சூரியகாந்தி அடர்ந்து கிடந்தது. அதைக் காட்டி, "அங்க எடுங்க. ரெண்டு எல, ஒரு மொட்டு. முத்தல் எல வந்தா நிறுக்க மாட்டேன்" என்றேன். ஐந்தாவது ஷரத்தை மீறி, அவர்கள் மறைந்ததும் புத்தகத்தையும் எடுத்தேன்.

மூன்று மணிக்கு மலையில் இடி உருண்டது. ஏழு பேரும் திரும்பி வந்தார்கள். கூடை, சட்டி, அரிசிப் பெட்டி எல்லாம் நிறைந்திருந்தன. கவிழ்த்துக் கொட்டினார்கள்.

தேயிலைக் கொழுந்து. ரெண்டு இலை, ஒரு மொட்டு. ஒரு முத்தல் இலை இல்லை. அவ்வளவு இளசான கொழுந்தை எங்கள் தோட்டத்தில் யாரும் நிறுவைக்குக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள்.

"எங்கடா எடுத்தீங்க?"

"அந்தச் சூரியகாந்தியில மொட்டே இல்ல மாமா" என்றாள் செல்லம்மா. "மலையில உள்ள செடி எங்களுக்கு எட்டல. அங்கிட்டு கீழ, பந்தல் போட்டு, சின்னச் செடியா வரிசையா இருக்கு. எல்லாம் எங்க ஒசரம்."

முருகேசு பெருமையாக, "நாலு வரிச முடிச்சிட்டோம் சித்தப்பா" என்றான்.

அது தவறணை. புது மலைக்கு நட, விதை போட்டு வளர்த்திருந்த தேயிலைக் கன்றுகள். அதன் வாசலில் பெரியவர்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள்.

விஷயம் தெரிந்து தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா வந்தபோது மழை தொடங்கியிருந்தது. குடைக்குள் நின்றபடி என்னையும் என் தொப்பியையும் பார்த்தார்.

"நீதானே பரீட்ச எழுதியிருக்கிறவன்?"

"ஆமாங்க ஐயா."

"பாஸ் பண்ணிடுவியா?"

நான் தொப்பியைக் கழற்றினேன். பதினைந்து ரூபாய் தண்டம் என்றார். அப்பாவின் சம்பளத்தில் பிடிப்பார்களாம். பாப்பா அவரிடம் போய்க் கையை நீட்டி, "எனக்கு முழுப் பேரு" என்றது.

அஞ்சு நிமிசம்

ஆறு மணிக்கு மூவரும் வந்தார்கள். முந்தானை நனைந்து, கண் வீங்கி, சிரித்துக்கொண்டே வந்தார்கள். மூன்று பேரும் நன்றாக அழுதிருக்கிறார்கள். காசு வீண் போகவில்லை.

அக்கா தலையைக்கூடத் துவட்டாமல் அடுப்பருகில் உட்கார்ந்து கதையைத் தொடங்கிவிட்டாள். ஏழு பிள்ளைகளும் சுவரோரம் சப்பணம் போட்டு, விரலை வாயில் வைத்து, கோயிலில் உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள். அண்ணி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "என்னா தம்பி பண்ணீங்க இதுங்கள?"

"முறைதான் அண்ணி" என்றேன்.

கதாநாயகி முதல் தடவை மயங்கி விழுந்தாள். அக்கா தானே விழுந்து காட்டினாள். என் அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகளை மறந்து, கைகளை வீசி, இரண்டு குரலிலும் தானே பேசி, வில்லனாக மீசை முறுக்கினாள். சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பா மலையிலிருந்து வரும் நேரமாகிவிட்டது. வழியில் அவருக்கு விஷயம் தெரிந்திருக்கும். அவர் வாயிலிருந்து வருவதைவிட என் வாயிலிருந்து வருவது நல்லது என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். மீசை முறுக்கிய கை அப்படியே நின்றது.

"இன்னும் அஞ்சு நிமிசம் கழிச்சிச் சொல்லியிருக்கக் கூடாதாடா? அவங்க ரெண்டு பேரும் இன்னும் ஒன்னு சேரல" என்றாள்.

பிறகு மெதுவாக, "அவரு வர்ற அன்னிக்கி இது காதுல விழும். அதோட அம்மா வீடு முடிஞ்சிச்சு" என்று எழுந்து போய்த் தலையைத் துவட்டினாள்.

தலைவர் வந்தார்

வியாழக்கிழமை அத்தான் வந்தார். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படியேறும்போதே செல்லம்மா ஓடிப்போய், "அப்பா, நான் ஸ்ட்ரைக்கு நடத்துனேன்!" என்றாள்.

அத்தான் குடையை மூலையில் சாத்தினார். உட்கார்ந்தார். முழுவதையும் கேட்டார். தவறணை என்றதும் முகம் இறுகியது. அக்கா கதவுக்குப் பின்னால் இருந்தாள். அத்தானின் முகத்தில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவர் அப்பா, ஒருவர் தலைவர். கடைசியில் தலைவர் வாய் திறந்தார்.

"கோரிக்க எல்லாம் கெடச்சிச்சா?"

"எல்லாம் கெடச்சிச்சுப்பா. பணிசு மட்டும் இன்னும் வரல."

அத்தான் என்னைப் பார்த்தார். துரையைப் பார்க்கிற பார்வை. பிறகு எழுந்து நேராகக் கணக்கப்பிள்ளை ஐயாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன். அங்கே அவர் பேசியதை இன்றும் என்னால் மறக்க முடியாது.

"ஐயா, கிள்ளுன கன்னு செத்தா போகும்? கிள்ளுன எடத்துல ரெண்டு கெள விடும். பின்னாடி நீங்களே ஆளு போட்டுக் கிள்ளப் போறீங்க. ஏழு ஆளு ஒரு பொழுது வேல செஞ்சிருக்கு. பாக்கப்போனா நீங்கதான் பேரு போடணும்."

"முளைச்சு மூணு மாசமான கன்னும் அதில இருக்கப்பா!"

"அப்ப பாதி ஒங்க பக்கம், பாதி எங்க பக்கம்."

தண்டம் ஏழரை ரூபாய் ஆயிற்று. அத்தான் திரும்பி வந்து, தேநீரைக் குடித்துவிட்டு, "சரி, அந்தத் தாளக் கொண்டாங்க" என்றார்.

அத்தானுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வாசிக்கத் தெரியாது. "படிங்க மாப்ள" என்று என்னிடம் நீட்டினார். ஐந்தையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"எழுதி, கைநாட்டும் வச்சாச்சு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம். இதுல உள்ளது ஒன்னுகூடத் தவறக் கூடாது. நான் பொறுப்பு" என்றார்.

கதவுக்குப் பின்னால் அக்காவின் சேலை ஓரம் தெரிந்தது. நான் தாளைக் கீழே வைக்கவில்லை.

"இன்னும் ஒன்னு இருக்குங்க அத்தான்."

"படிங்க."

"ஆறாவது. ஒவ்வொரு சித்திரைக்கும் அம்மாமார் மூன்று பேரும் ஒரு நாள் ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போக வேண்டும். அன்றைக்கும் மாமாவே துரை."

ஐந்தாவதுக்குக் கீழே ஏழு கரிக் கைநாட்டுகள்தான் இருந்தன.

செல்லம்மா என் தோள் வழியாக எட்டித் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "அதுக்குத்தான் ரொம்ப நேரம் சண்ட போட்டோம்."

அத்தான் கையை நீட்டினார். தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை ரயிலுக்கு எல்லோரையும் கூட்டிப் போய்விட்டார்.

ஊதா மை

அந்த வருடம் முழுவதும் எனக்குப் பயம்தான். அத்தான் அடிக்கடி சங்க ஆபீசுக்குப் போகிறவர். அங்கே படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த சித்திரையில் அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். நான்கு பிள்ளைகள், இடுப்பில் புதிதாக ஒன்று. அந்தப் புதியவனை என் கையில் கொடுத்துவிட்டு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கொஞ்சம் காசும் மடித்த அந்தக் கொப்பித் தாளும் இருந்தன.

தாளைப் பிரித்தேன். கைநாட்டுகளுக்குக் கீழே இடமில்லாததால் ஓரத்தில் நெடுக்காக, எனக்குப் பழக்கமில்லாத உருண்டை எழுத்தில், ஊதா மையில் ஆறாவது ஷரத்து எழுதியிருந்தது. நான் வாசித்தது வாசித்தபடி. அதன் கீழே அத்தானின் கையெழுத்து.

"ஆபீசுல கிளாக்கர் ஐயாகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னாராம்" என்றாள் அக்கா. "அவரு, அஞ்சுதான் இருக்குன்னாராம். இவரு கொஞ்ச நேரம் சும்மா ஒக்காந்திருந்துட்டு, அப்ப ஆறாவத நீங்க எழுதுங்கன்னாராம்."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"இல்லாதத படிக்கத்தானாடா ஒன்னய நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன்?"

அக்கா இரண்டு படம் பார்த்ததற்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தேன். முதல் படத்துக்கான காசு அவர்களே பறித்துச் சம்பாதித்தது, அதைச் சேர்க்கவில்லை. தவறணைக்கு ஏழு ரூபாய் ஐம்பது சதம். ஏழு பணிசுக்கு முப்பத்தைந்து சதம். மூன்று பேரின் பஸ்ஸுக்கும் கலரிக்கும் என்று அத்தான் எண்ணிக் கொடுத்து அனுப்பியது இரண்டு ரூபாய் இருபத்தைந்து சதம். ஆகப் பத்து ரூபாய் பத்துச் சதம்.